மிஸ்ஸிங் சரிசெய்ய 18,400 ரூபாய் கொடுத்தேன், மிஸ்ஸிங் அப்படியே இருந்தது: பழைய கார்க்காரர்கள் கவனத்துக்கு

மழைக்காலத்தில் வண்டி மிஸ் ஆகிறது (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் இன்ஜின் வெட்டி வெட்டி ஓடுகிறது) என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பணம் போன எரிச்சலில் எழுதுவதால் சுருக்க வரவில்லை.

என்னுடையது 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். 1.1 லிட்டர், நாலு சிலிண்டர், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருதடவைகூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. நவம்பரில் சென்னையில் நாலு நாள் விடாமல் மழை கொட்டிய வாரத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கிலேயே, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நிற்கும்போதே குலுங்கும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வெட்டி வெட்டி ஏறும். அரைமணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானதும் பாதி அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடி அதே கதை. செக் இன்ஜின் லைட்டும் எரிய ஆரம்பித்தது.

மழை, காலை நேரம், மேடு. இந்த மூன்றையும் நான் முதலில் போன இடத்தில் ஒருத்தர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊருக்குப் போயிருந்ததால், வேளச்சேரி பக்கம் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். கண்ணாடி ரூம், ஏசி, காபி மெஷின், எஸ்டிமேட் வாட்ஸப்பில் வரும். (காபி நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.) பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அட்வைசர் பையன் ஸ்கேனரைச் சொருகினான். இரண்டே நிமிடம். "சார், ஆக்சிஜன் சென்சார்னு எரர் கோட் காட்டுது. சென்சார் போயிடுச்சு, அதான் மிஸ்ஸிங்." எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் இதுலயே வந்துடும் சார்" என்றான். பானெட்டைத் திறக்கவே இல்லை.

இங்கேதான் முதல் ஏமாற்று, அல்லது முதல் அறியாமை, எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டால், அதற்குள் போன காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் செலவாகாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் சென்சார் "ஆக்சிஜன் அதிகம்" என்று கத்தும். அது அதன் வேலை. வீட்டில் புகை வந்து அலாரம் அடித்தால் அலாரத்தைக் கழற்றி மாற்றுவீர்களா? எனக்கு மாற்றினார்கள். 4,800 ரூபாய்.

அதோடு விடவில்லை. இன்ஜெக்டர் (சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது) கிளீனிங் 1,800, த்ராட்டில் பாடி கிளீனிங் 900, டீகார்பனைசிங் என்று 2,500, டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் 450, பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக், அதிலும் இரிடியம் பிளக் நாலு 3,000, லேபர் 2,200. ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 18,400 சொச்சம். போனஸாக இலவச இன்ஜின் வாஷ் வேறு.

டெலிவரி எடுத்த அன்று நல்ல வெயில். வண்டி பூ மாதிரி ஓடியது. சந்தோஷத்தில் ஐந்து ஸ்டார் வேறு கொடுத்துத் தொலைத்தேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி மழை, காலையில் அதே குலுக்கல், முன்பைவிட மோசமாக. திரும்பப் போனால் குரலே மாறிவிட்டது. "சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு. பழைய வண்டி இல்லையா, 24,000 ஆகும்." (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பாதான் இந்த கன்வெர்ட்டர்.)

அந்தத் தொகையைக் கேட்டதும்தான் எனக்குச் சுரணை வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். ஷெட் என்றுகூடச் சொல்ல முடியாது, தார்ப்பாய் கட்டிய மூலை. நான் கதை சொல்ல ஆரம்பித்ததுமே அந்த மெக்கானிக் பாய் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மழை பெஞ்சா ஜாஸ்தியாகுதா?"

இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒருதடவை கழற்றி மாட்டினார். ஒன்றாவதைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் தடாலென்று இறங்கியது. மூன்று, நாலும் அப்படித்தான். இரண்டாவதைக் கழற்றியபோது ஒரு வித்தியாசமும் இல்லை. அதாவது அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை, புதிதாக நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. முழுசாக மூன்று நிமிடம். (சிலர் பிளக் ஒயரையே உருவிப் பார்ப்பார்கள். வேண்டாம், ஷாக்கும் அடிக்கும், பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் போகும்.)

காயில் போயிருக்குமோ என்றேன். இந்த வண்டியில் ஒன்றும் நாலும் ஒரு காயில், இரண்டும் மூன்றும் இன்னொரு காயில். காயில் போனால் ஜோடியாகத்தான் படுக்கும், ஒன்று மட்டும் படுத்தால் முதலில் ஒயரைப் பார், பிளக்கைப் பார் என்றார். இருட்டும்வரை உட்காரச் சொன்னார். இருட்டியதும் பானெட்டைத் திறந்து, துணி அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் புகைபோல ஒரு அடி அடித்தார். இரண்டாவது பிளக்குக்குப் போகும் ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலமாக ஸ்பார்க் பறந்தது. டிக், டிக், டிக். கிளாம்பில் உரசி உரசி ரப்பர் தேய்ந்துபோயிருந்த இடம் அது. ஈரம் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடுகிறது. மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பிளக்கில் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும், அப்போது இந்தத் தேய்ந்த இடம் அதற்குச் சுலபமான வழி. இன்ஜின் சூட்டில் காய்ந்தால் சரியாகும். மழை, காலை, மேடு, மூன்றுக்கும் கணக்கு வந்துவிட்டது. வெயில் நாளில் டெலிவரி கொடுத்ததால் இரண்டு நாள் நன்றாக ஓடியதற்கும்.

இன்னொன்று. மல்டிமீட்டர் வைத்து நானும் ஒயரைப் பார்த்தேன், நாலும் ஒழுங்காகவே காட்டின. உள்ளே கம்பி அறுந்திருந்தால்தான் மீட்டரில் தெரியும், மேல் தோல் கிழிந்தது தெரியாது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பாய் பிளக்குகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரிடியம் பிளக்கில் நடு முனை ஊசி மாதிரி மெல்லிசாக இருக்கும், எவருக்கும் பார்த்தால் தெரியும். என் கையில் இருந்தவை சாதாரண பிளக், நடு முனை தடிமனாக, ஓரமெல்லாம் உருண்டு தேய்ந்துபோய். இரண்டாவது பிளக் பெட்ரோல் வாடையோடு கறுப்பாக நனைந்திருந்தது. என்னுடைய அதே பழைய பிளக்குகள்! 3,000 ரூபாய்க்கு பில் மட்டும்தான் புதுசு.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒயர் செட் 1,100, சாதாரண பிளக் நாலு 600, பாய்க்கு 400. மொத்தம் 2,100. அதற்குப் பிறகு மூன்று பெரிய மழை பார்த்தாகிவிட்டது, ஒரு வெட்டுகூட இல்லை. கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று கேட்டதற்கு சைலன்சர் முனையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காற்று நல்லா வருது போ என்றுவிட்டார். ஆனால் இப்படியே ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பாகம் நிஜமாகவே உருகியிருக்கும். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓட்டவே ஓட்டாதீர்கள், அது இதற்கான எச்சரிக்கை.

ஆகவே வண்டியை விடும்போதே எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் பார்ட் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பார்ட் உங்கள் கைக்கு வர வேண்டும், இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பில் கட்டிய பிறகு கேட்டால் ஸ்க்ராப்புக்குப் போய்விட்டது என்பார்கள்.

பிளக் போட்டோக்களோடு அந்த வேளச்சேரி இடத்தில் போய் நின்றேன். முதலில் "டெக்னீஷியன் மிஸ்டேக்" என்றார்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் பதிந்த நாலாவது நாள் பிளக் காசு 3,000 மட்டும் வந்தது, கூடவே இலவச வீல் அலைன்மென்ட் கூப்பன். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். என் பழைய ஆக்சிஜன் சென்சாரைத் திருப்பிக் கேட்டதற்கு ஒரு அட்டைப்பெட்டியைத் துழாவி ஏதோ ஒரு சென்சாரை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் கனெக்டர் என் வண்டியில் மாட்டவே மாட்டாது.