பழையதாக வாங்கிய பேஸ் கிட்டாருடன் எட்டு ஆண்டுகள்

எட்டு ஆண்டுகளுக்கு முன், தொடர்ந்து மேடையில் வாசித்துவந்த ஒருவரிடமிருந்து நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஃபெண்டர் நிறுவனம் 1960ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஜாஸ் பேஸின் வடிவத்தைப் பின்பற்றி வேறொரு நிறுவனம் செய்த கருவி அது. கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் நட்டிலிருந்து, உடலில் தந்தி மாட்டப்படும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். நட்டின் அருகே ஏறத்தாழ 38 மி.மீ. மட்டுமே அகலமுள்ள ஒல்லியான மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் விரற்பலகை, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டு, பேட்டரி தேவைப்படாத பாசிவ் மின்சுற்று. கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வடிவத்துக்கே உரியவை என்பதால், இதே அமைப்பில் எந்தக் கருவியைப் பழையதாக வாங்க நினைப்பவருக்கும் அவை பயன்படும்.

கருவியோடு எனக்குக் கிடைத்த மிக மதிப்புள்ள பொருள், பெட்டியின் உட்பையில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு கோடு போட்ட தாள். முந்தைய உரிமையாளர் எப்போது எந்தத் தந்திகளைப் போட்டார், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்னும் கம்பியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினார், எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதையெல்லாம் தேதியிட்டு, திருப்பிய திசைக்குச் சிறிய அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார். அந்தத் தாளின் நடுவில், மற்ற வரிகளைவிடச் சற்று அழுத்தி எழுதப்பட்டிருந்த வரி இது: “ஜி தந்தி, 6ஆம் ஃபிரெட். கார்வை இல்லை. இதற்கு மருந்தும் இல்லை.” ஃபிரெட் என்பது விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; கார்வை என்பது சுரம் நீண்டு நிற்பது. விற்கப்போகும் பொருளின் குறையைத் தன் கையெழுத்திலேயே ஒருவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தபின் எனக்குத் தயக்கம் எதுவும் எழவில்லை. மற்ற வரிகளும் அதே அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று நம்பினேன். எட்டு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஒரு முறைகூடப் பொய்க்கவில்லை.

பழைய பேஸ் கிட்டாரை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அதன் கழுத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து. பிக்கப், பிரிட்ஜ், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனர், மின்சுற்று ஆகிய எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயனும் கொண்டு மாற்றிவிடலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, டிரஸ் ராட் இதற்குமேல் இறுக இடமின்றி முடிவை எட்டியிருந்தாலோ அந்தக் கருவியைச் சரிசெய்யும் செலவு, அதன் விலையையே தாண்டிவிடக்கூடும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தின்மீது 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையை இரவும் பகலும் செலுத்திக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்தைத் தாங்குவதற்காகத்தான் மரத்துக்குள் இந்த இரும்புக் கம்பி பதிக்கப்பட்டிருக்கிறது. தந்தி அதிர்வதற்கு இடம் வேண்டும் என்பதால் கழுத்து முற்றிலும் நேராக இருக்கவும் கூடாது. இம்மியளவு முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7ஆம் 8ஆம் ஃபிரெட்டுகளின் அருகே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அங்கே 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் எனக்குப் போதும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாதவர் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கலாம். தந்தியைத் தூக்காமல் அது நுழைந்து வெளியே வந்தால் கழுத்து நல்ல நிலையில் இருக்கிறது.

தாளில் இருந்த குறிப்புகளும் நான் சேர்த்த குறிப்புகளும் சேர்ந்து, இந்தக் கழுத்தின் சுபாவத்தை எனக்குக் கற்றுத்தந்தன. காற்றில் ஈரம் மிகும் மாதங்களில் இது முன்னோக்கி வளைகிறது. உலர்ந்த மாதங்களில் நிமிர்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை எட்டில் ஒரு சுற்று, அதிகம் போனால் கால் சுற்று; இதைத் தாண்டி நான் டிரஸ் ராடைத் திருப்புவது அரிது. கடிகார முள்ளின் திசையில் திருப்பினால் கம்பி இறுகிக் கழுத்து பின்னோக்கி நிமிரும். எதிர்த்திசையில் திருப்பினால் தளர்ந்து முன்னோக்கி வளையும். திருப்பியபின் சுருதி சேர்த்து, ஓர் இரவு அப்படியே விட்டுவைத்து, மறுநாள் மீண்டும் அளக்க வேண்டும். மரம் தன் புதிய நிலைக்கு வந்து அமர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் ஆண்டில் பொறுமையின்றி ஒரே மாலையில் மூன்று முறை திருப்பி, மறுநாள் காலையில் முதல் ஐந்து ஃபிரெட்டுகளிலும் தந்தி கரகரவென்று இடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தத் தேதியும் தாளில் இருக்கிறது.

தந்தியின் உயரத்தை 17ஆம் ஃபிரெட்டின் மேல் ஏறத்தாழ 2 மி.மீ. இருக்குமாறு வைத்திருக்கிறேன். ஃபிரெட்டில் தந்தி இடிக்கிறது என்றவுடன் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலை உயர்த்துவது பலருக்கும் வழக்கமாக இருக்கிறது. முதலில் கழுத்தின் வளைவு, அடுத்து சேடிலின் உயரம், கடைசியாக 12ஆம் ஃபிரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஒத்துப்போகின்றனவா என்ற சோதனை என்ற வரிசையை மாற்றினால், செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய நேரும். அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்போது அந்த 6ஆம் ஃபிரெட்டுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கருவியைப் பற்றி என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். ஜி தந்தியில் 5ஆம் ஃபிரெட்டை மீட்டினால் சுரம் நெடுநேரம் நிற்கிறது. 7ஆம் ஃபிரெட்டும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் உள்ள 6ஆம் ஃபிரெட்டில், அதாவது சி ஷார்ப் சுரத்தில், மீட்டியவுடன் எழும் தாக்கம் வழக்கம்போல் வலுவாக இருக்கிறது. மூன்று எண்ணுவதற்குள் அடிச்சுரம் கரைந்து, மேலே மெல்லிய சுரமொன்று மட்டும் மிதந்து நிற்கிறது. இதை வாசிப்பாளர்கள் டெட் ஸ்பாட் என்கிறார்கள். திருகாணிகளால் பொருத்தப்பட்ட நீண்ட கழுத்தும், ஒரே பக்கமாக வரிசையாக அமைந்த கனமான டியூனர்களும் கொண்ட பேஸ் கிட்டார்களில் இது ஜி தந்தியின் 5 முதல் 7 வரையிலான ஃபிரெட்டுகளுக்கிடையே பரவலாகக் காணப்படுகிறது. அந்தச் சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். கழுத்தின் இயல்பான அதிர்வு அதற்கு மிக அருகில் அமைந்துவிடும்போது, தந்தியின் ஆற்றலைக் கழுத்து தன்பக்கம் இழுத்துக்கொண்டு தானே அதிர்கிறது. அந்தச் சுரத்தை வாசித்துக்கொண்டே இடக்கையின் கட்டைவிரலைக் கவனித்தால், கழுத்தின் பின்புறம் மற்ற சுரங்களைவிட அதிகமாகத் துடிப்பதை உணர முடியும்.

இதைச் சரிசெய்ய நான் செய்த முயற்சிகள் பல. புதுத் தந்தி போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. கழுத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றி, பொருந்தும் குழியைச் சுத்தம் செய்து, மீண்டும் இறுக்கிப் பார்த்தேன். மற்ற சுரங்கள் சற்றுத் தெளிவானதாக எனக்குத் தோன்றியது, 6ஆம் ஃபிரெட் மட்டும் அசையவில்லை. கழுத்தின் தலைப்பகுதியில் சிறிய கிளாம்ப் ஒன்றை மாட்டியபோதுதான் மாற்றம் தெரிந்தது. கனம் கூடியதால் கழுத்தின் அதிர்வெண் இறங்கி, கார்வையற்ற இடம் 5ஆம் ஃபிரெட்டை நோக்கி நகர்ந்தது. இடம் மாறியதே ஒழிய, குறை மறையவில்லை. அதனால் கிளாம்பைக் கழற்றிவிட்டேன். நீண்டு ஒலிக்க வேண்டிய சி ஷார்ப் வரும் இடங்களில், டி தந்தியின் 11ஆம் ஃபிரெட்டில் அதே சுரத்தை வாசிக்கப் பழகிக்கொண்டேன். விரைவாகக் கடந்துபோகும் சொற்கட்டுகளில் இந்தக் குறை யாருக்கும் கேட்பதில்லை. மெதுவான பாட்டில், ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில்தான் அது வெளிப்படுகிறது.

பழைய கருவியை வாங்கச் செல்பவர் ஆம்பில் இணைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். கருவியின் மேற்கொம்பில் காதை வைத்துக்கொண்டு, ஜி தந்தியில் முதல் ஃபிரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே வலுவோடு மீட்டி, அது அடங்கும்வரை மனத்துக்குள் எண்ண வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நல்ல ஆம்பும் அதன் உரத்த ஒலியும் இந்தக் குறையை எளிதில் மூடிவிடும் என்பதால், இணைக்காமல் கேட்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

தந்திகளைப் பொறுத்தவரை முதல் மூன்று ஆண்டுகள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் 45 முதல் 105 வரை தடிமனுள்ள, உருண்டைக் கம்பி சுற்றிய நிக்கல் ரவுண்ட்வவுண்ட் தந்திகளைப் பயன்படுத்தினேன். புதிதாகப் போட்டவுடன் பியானோவை நினைவூட்டும் பளிச்சென்ற நாதம் வரும். இரண்டு மாதங்களில் விரல் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கிடையே புகுந்து அது மங்கிவிடும். பழைய தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தால் நாதம் திரும்பும் என்று மூத்த வாசிப்பாளர் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன், உண்மைதான், ஆனால் திரும்பிய பளிச்சென்ற நாதம் ஒரு வாரத்துக்குமேல் நிற்கவில்லை. அத்தோடு, கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் டியூனரில் சுற்றியிருந்த வளைவுகளில் தந்தி பலவீனமடைகிறது.

நான்காம் ஆண்டில், தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்திகளுக்கு மாறினேன்; அவற்றையே இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறேன். மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டரின் இன்னொரு வடிவமான தன் 1962ஆம் ஆண்டுப் பிரெசிஷன் பேஸில் ஃபிளாட்வவுண்ட் தந்திகளைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமல் வாசித்தார் என்பது பேஸ் வாசிப்பாளர் பலரும் அறிந்த செய்தி. அந்தப் பழக்கத்தின் பொருள், தந்திகள் பழகப் பழகத்தான் எனக்குப் புரிந்தது. முதல் சில மாதங்கள் இருந்த உலோக ஒலி அடங்கியபின், தாக்கம் உருண்டையாகவும் அடி கனமாகவும் ஒரு நாதம் வந்து அமர்ந்தது. டிரம்ஸின் கிக்கோடு அது சேரும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலியும் அறவே நின்றது. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறைக்கு இவை ஏற்றவையல்ல. அந்த வாசிப்பு வேண்டுபவர் ரவுண்ட்வவுண்டிலேயே இருப்பது நல்லது. இன்னொன்று: நான் போட்ட ஃபிளாட்வவுண்ட் தந்திகளின் இழுவிசை முந்தையவற்றைவிட அதிகம். போட்ட மறுநாளே கழுத்து முன்னோக்கி வளைந்துவிட, டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, நான்கு சேடில்களையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

இரண்டு பிக்கப்புகளின் ஒலியளவும் சமமாக இருக்கும்வரை ஹம் என்னும் முனகல் கேட்பதில்லை, ஏனெனில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டு ஒன்றன் இரைச்சலை மற்றொன்று நீக்கிவிடுகின்றன. ஒன்றைச் சிறிது குறைத்தாலும் முனகல் தலைகாட்டுகிறது. உட்குழிகளில் செப்புத் தாள் ஒட்டினேன். விளக்குகளின் அருகே வரும் கரகரப்பு குறைந்தது, அடிமுனகல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை ஒற்றைச் சுருளின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டேன். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்கள் கரகரத்தபோது காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, குமிழை முப்பது நாற்பது முறை இருபுறமும் திருப்பியதோடு சரியாகிவிட்டது.

உண்மையில் என்னைக் கைவிட்டது, கேபிளைச் செருகும் ஜாக்தான். வெளிப்புற நட்டு தளர்ந்தபோதெல்லாம் மேலிருந்தே இறுக்கிவந்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஜாக் முழுவதும் சுழன்று, அதனோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்ட ஒயர்களையும் முறுக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நிகழ்ச்சியின் இரண்டாம் பாட்டில் ஒலி அறுந்து அறுந்து வந்து, பிறகு முற்றிலும் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டுத் தகட்டைத் திறந்து பார்த்தபோது, ஒயர் ஒன்று கயிறுபோல முறுக்கேறி, சால்டர் முனையில் ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தகட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து விரலால் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்குகிறேன். பழைய கருவி எதை வாங்கினாலும் முதல் வேலையாக இந்த ஒரு நட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

கருவியின் எடை 4.3 கிலோ. நின்றுகொண்டு வாசிக்கையில் தலைப்பகுதி தாழ்கிறது. மூன்று அங்குல அகலமும் சொரசொரப்பான அடிப்பக்கமும் கொண்ட ஸ்ட்ராப் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு தோள் வலிப்பது மட்டும் மாறவில்லை.

இனி எஞ்சியிருப்பது ஃபிரெட்டுகள். ரவுண்ட்வவுண்ட் காலத்திலேயே முதல் நான்கு ஃபிரெட்டுகளில் ஏ, டி தந்திகளின் அடியில் பள்ளம் விழுந்திருந்தது. ஐந்தாம் ஆண்டில் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குச் சீவி மெருகேற்றினேன். முந்தைய உரிமையாளரும் ஒரு முறை சீவியிருக்கிறார் என்பது தாளில் இருந்ததால், வேலை செய்தவர் மிகக் குறைவாகவே உலோகத்தை எடுத்தார். ஃபிளாட்வவுண்ட் தந்திகள் வந்தபின் தேய்மானம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் மூன்றாம் முறை சீவுவதற்கு உயரம் மிச்சமில்லை. அடுத்ததாகப் புது ஃபிரெட்டுகளே போட வேண்டும். பழைய தாள் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டதால் இன்னொரு தாளை அதனோடு பின் செய்து, இந்தக் குறிப்பை அதன் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.