அடைவுத் துண்டு தொலைந்தால் இந்த வலையில் விழாதீர்கள் – லண்டன் ஆட்கள் கவனம்

லண்டனில் நகை அடைவு வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒருதரம் வாசியுங்கள். என் அக்காவுக்கு நடந்தது.

வீடு மாறும்போது டெபாசிட்டுக்காகக் காப்பும் பதக்கம் சங்கிலியும் அடைவு வைத்தா. அந்த அலைச்சலிலேயே கடை தந்த துண்டு (ரசீது) தொலைந்துவிட்டது. காசு சேர்ந்ததும் மீட்கப் போனால், சத்தியக்கடதாசி (சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர் போன்றவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திடும் கடதாசி, statutory declaration) இல்லாமல் தர முடியாது என்றார்கள். அது சரிதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. "நாங்கள் எல்லோரையும் இவரிடம்தான் அனுப்புகிறோம்" என்று ஓர் ஆளின் கார்டையும் கையில் கொடுத்தார்கள்.

அவர் நன்றாகத் தமிழ் கதைத்தார், "அக்கா, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். 90 பவுண்ஸ் கேட்டார், அவசரம் என்றால் இன்னும் கூட. திகதி போடாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சொலிசிட்டரின் முத்திரையைத் தான் பிறகு எடுத்துத் தருவதாகச் சொன்னார். முத்திரையோடு வந்த தாளைக் கடையின் தலைமைக் கிளை ஏற்கவில்லை. அதில் இருந்த பெயரில் சொலிசிட்டர் எவரும் பதிவில் இல்லையாம். இதற்குள் வட்டி ஏறி, நகையை விற்கப்போவதாகக் கடிதமும் வந்துவிட்டது. அக்கா அழுததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

சட்டத்தில் இருப்பது இதுதான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 118ஆம் பிரிவு: துண்டு இல்லாவிட்டால் அதற்குப் பதிலாகச் சத்தியக்கடதாசி கொடுத்து நகையை மீட்கலாம். கடன் 75 பவுண்ஸுக்கு மேற்படாமல் இருந்து கடையும் சம்மதித்தால், விதிகளில் உள்ள படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையே போதும். கடதாசியின் வாசகம் 1983ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, அதை எழுதித் தர எந்த ஏஜென்டும் தேவையில்லை. படிவத்தைக் கடையிலேயே கேளுங்கள். நிரப்பி, கையெழுத்துப் போடாமல், எந்தச் சொலிசிட்டர் அலுவலகத்துக்கும் கொண்டுபோகலாம். சத்தியம் வாங்குவதற்கான கட்டணம் 5 பவுண்ஸ். கூட இணைக்கும் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் 2 பவுண்ஸ். அவ்வளவுதான்.

கையெழுத்து அந்தச் சொலிசிட்டர் முன்னிலையில்தான் போட வேண்டும். "இப்போது போடுங்கள், முத்திரை பிறகு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். பெயர் உண்மையா என்று சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் காசில்லாமல் பார்க்கலாம். இன்னொன்று, பொய்ச் சத்தியக்கடதாசிக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால், பிறகு அதில் எதை எழுதினாலும் அது உங்கள் பெயரில்தான் நிற்கும்.

துண்டு தொலைந்தது தெரிந்த உடனே கடைக்கு ஈமெயில் போடுங்கள், போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். துண்டோடும் காசோடும் வருகிறவருக்கு, சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாவிட்டால், கடை நகையைக் கொடுத்துவிடலாம். பிறகு கடையைப் பிடிக்கவும் முடியாது.

நகையை மீட்பதற்கான தவணை குறைந்தது ஆறு மாதம். அது முடிந்தாலும், நகை கடைக்கே சொந்தமாகிவிடாமல், கடை அதை விற்றுத்தான் தன் காசை எடுக்க வேண்டும் என்றால், விற்கும் வரைக்கும் மீட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடன் 100 பவுண்ஸுக்கு மேல் என்றால் விற்பதற்கு 14 நாள் முன்னே அறிவித்தல் தர வேண்டும். அந்த உரிமைதான் அக்காவைக் காப்பாற்றியது. வேறொரு சொலிசிட்டரிடம் போய் முறையாகச் சத்தியம் செய்தா, நகை கைக்கு வந்தது.

கூடுதல் வட்டிக்காகக் கடைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வரும் பதில் சரியில்லாவிட்டால், நிதிக் குறைகேள் அதிகாரியிடம் (Financial Ombudsman) போகலாம். அதற்கும் காசில்லை. அந்த ஆளைப் பற்றி கவுன்சிலின் வர்த்தகத் தரப் பிரிவுக்கும் அறிவித்திருக்கிறோம். 90 பவுண்ஸ் இன்னும் திரும்பவில்லை. உங்களிடமும் இப்படி யாராவது வாங்கியிருந்தால், கார்டையும் அவர் அனுப்பிய மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்திருந்து நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.