எம்ஐடியிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு: லைசென்ஸும் என் வருமானமும்

பிடிஎஃப் உருவாக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பைப் பல வருஷமாக எழுதிப் பராமரித்து வருகிறேன். முதலில் எம்ஐடி என்ற, ஏறக்குறைய நிபந்தனையே இல்லாத திறமூல உரிமத்தில் கொடுத்தேன். இப்போது ஏஜிபிஎல் என்ற, மூலநிரலைத் திறந்து தரச் சொல்லும் உரிமம், கூடவே விலைக்குத் தரும் வணிக உரிமம். இரண்டிலும் பிழைப்பு நடத்திப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

எம்ஐடியில் மென்பொருள் பரவும் வேகமே தனி. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும், யாரும் எதிலும் சேர்த்துக்கொள்ளலாம். பயனர்கள் பெருகினார்கள், பக் ரிப்போர்ட் பெருகியது, பணம் மட்டும் வரவில்லை. நன்கொடை கேட்டால் தனிநபர்கள்தான் கொடுத்தார்கள், இதை வைத்தே பொருள் விற்கும் நிறுவனங்கள் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஒரு கம்பெனியிலிருந்து பணம் வெளியே வர இன்வாய்ஸ் வேண்டும், இன்வாய்ஸுக்கு ஒரு காரணம் வேண்டும், எம்ஐடியில் அந்தக் காரணமே கிடையாது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த ஓட்டை இருந்த, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று தெரியவந்தது. எவ்வளவு முக்கியமான வேலையாக இருந்தாலும் நன்கொடையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஏஜிபிஎல்லுக்கு மூலமான ஜிபிஎல் உரிமத்தில், நிரலைப் பிறருக்கு விநியோகித்தால்தான் மூலநிரல் தர வேண்டிய கடமை வரும். ஏஜிபிஎல்லில், மாற்றிய நிரலை இணையச் சேவையாக ஓட்டினாலே அந்தச் சேவையின் பயனர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும். தங்கள் நிரலைத் திறக்க விரும்பாத நிறுவனம் என்னிடம் வணிக உரிமம் வாங்குகிறது. புது யோசனை ஒன்றும் இல்லை, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல்லை வைத்து இதையே செய்தது, 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. செயலிகளின் இடைமுகம் உருவாக்க உதவும் கியூட்டியும், பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் இன்றும் இந்த வழியில்தான் இருக்கின்றன.

மாறியதும் புதிய பயனர்கள் குறைந்தார்கள், அது உண்மை. கூகுள் போன்ற நிறுவனங்கள் ஏஜிபிஎல் நிரலை உள்ளே விடுவதே இல்லை. ஆனால் வந்தவர்கள் முதல் மடலிலேயே விலை கேட்டார்கள்! அந்த வருமானத்தில்தான் இன்று முழுநேரமும் இதே வேலையைச் செய்கிறேன்.

சிக்கல் பங்களிப்பாளர்கள் விஷயத்தில்தான். எம்ஐடி காலத்தில் பிறர் எழுதி அனுப்பிய திருத்தங்களான பேட்சுகளுக்குக் கவலையில்லை, குறிப்பை நீக்காமல் வணிக உரிமத்திலும் சேர்க்க அந்த உரிமமே இடம் தருகிறது. அப்புறம் வரும் ஒவ்வொரு பேட்சுக்கும், அதை வணிக உரிமத்திலும் தரச் சம்மதிக்கும் ஒப்பந்தத்தை எழுதியவரிடம் வாங்க வேண்டும், இல்லையென்றால் அதை நான் விற்க முடியாது. நான் இலவசமாக எழுதியதை நீ ஏன் விற்கிறாய் என்று கேட்டுவிட்டு விலகியவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதனால் தொடர்ந்து எழுதுபவர்களுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கிறேன். இதைச் செய்யாத இரட்டை உரிமத் திட்டங்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஒருமுறை திறந்த உரிமத்தில் வெளியிட்ட பழைய பதிப்பை யாராலும் திரும்பப் பெற முடியாது, அதிலிருந்து மற்றவர்கள் தனியே தொடரலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021-இல் உரிமத்தை மாற்றியதும் அமேசான் பழைய பதிப்பை ஓபன்சர்ச் என்று பிரித்துக்கொண்டு போனது, 2024-இல் தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் மாற்றியபோது அப்படியே வால்கீ பிரிந்து வந்தது. பின்னால் எலாஸ்டிக்சர்ச், ரெடிஸ் இரண்டுமே ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தன.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வில் எழுதுபவருக்கு எம்ஐடியே போதும், வேலைக்கான ஒப்பந்தத்தில் நிரலின் உரிமை யாருக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிரலை வைத்தே பிழைக்க நினைப்பவர் முதல் வெளியீட்டிலேயே ஏஜிபிஎல் போடுங்கள், வெளியாள் பேட்ச் வருவதற்குள் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைத் தயாராக வையுங்கள்.