உத்தம் குமாரின் 'நாயக்' புளூ-ரே: படம் முழுமை, நடிகரின் கதை அரைகுறை

1966-இல் சத்யஜித் ராய் எழுதி இயக்கிய 'நாயக்' படத்தை, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2018-இல் 'தி ஹீரோ' என்ற தலைப்பில் புளூ-ரே வட்டாக வெளியிட்டது. ராயின் ரசிகர்கள் இதை ராய்க்காக வாங்குவார்கள். நான் வாங்கியது உத்தம் குமாருக்காக. வங்காளிகள் 'மகாநாயக்' என்று இன்றும் அழைக்கிற, கொல்கத்தாவின் டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கே பெயராகிவிட்ட அந்த நடிகரை, தமிழில் சினிமா பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படத்தின் வழியாகவே அறிந்திருக்கிறோம். அவருடைய திரைவாழ்க்கையை இந்த வட்டு எவ்வளவு தூரம் காட்டித் தருகிறது என்பதை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. புளூ-ரே வட்டுகளுக்கு உலகம் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த வட்டு அமெரிக்காவுக்குரிய ஏ மண்டலத்தைச் சேர்ந்தது. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலத்தில் வருகின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ மண்டலத்தில் இருப்பதால் அங்குள்ள தமிழர்களுக்குச் சிக்கல் இல்லை. எனக்கு இதை வரவழைத்துத் தந்த இணைய விற்பனையாளர் எந்தப் பிளேயரிலும் ஓடும் என்று உறுதி கூறியிருந்தார். என் வீட்டுப் பிளேயரிலோ, திரையில் மண்டலம் பொருந்தவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. உறையைப் பிரித்துவிட்டேன் என்று காரணம் காட்டி அவர் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் தன்னுடைய பழைய பிளேயரைக் கொண்டுவந்து கொடுக்கும் வரையில், நான்கு மாதங்கள் அந்த வட்டு அலமாரியில்தான் இருந்தது.

அந்தக் காத்திருப்புக்குப் படத்தின் தரம் ஈடு செய்துவிட்டது. படத்தைத் தயாரித்த ஆர்.டி.பன்சாலின் நிறுவனமான ஆர்.டி.பி.யே 2கே என்ற உயர் துல்லிய அளவில் மீட்டெடுத்த பிரதி இது. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வெளிறிப்போய்ப் பார்த்த காட்சிகளில், சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவு எவ்வளவு நுணுக்கமானது என்பது இப்போதுதான் புலப்படுகிறது. பகலில் ரயில் பெட்டிக்குள் பரவும் வெளிச்சமும் இரவில் உணவுப் பெட்டியின் விளக்கொளியும் வெவ்வேறு சாம்பல் நிறங்களாகத் தனித்துத் தெரிகின்றன. படத்தில் வரும் ரயில் பெட்டிகள், கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பியவை. சன்னலுக்கு வெளியே ஓடும் நிலக்காட்சிகள் பின்திரையில் காட்டப்பட்டவை. படம் இவ்வளவு துலக்கமாக இருப்பதால் ஒன்றிரண்டு இடங்களில் அந்த நிலக்காட்சி பெட்டியோடு ஒட்டாமல் நிற்பதும் தெரியத்தான் செய்கிறது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒலி ஒற்றைத் தடத்தில் சுத்தமாக இருக்கிறது. வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வங்கத் திரையின் உச்ச நட்சத்திரமான அரிந்தம் முகர்ஜி, டெல்லியில் ஒரு விருதைப் பெறுவதற்காக ரயிலில் புறப்படுகிறார். பெண்களுக்கான இதழ் ஒன்றை நடத்தும் அதிதி (சர்மிளா தாகூர்), உணவுப் பெட்டியில் அவரைச் சந்தித்துப் பேட்டி எடுக்கத் தொடங்குகிறார். பேச்சு வளர வளர, ஏழு நினைவோட்டங்களிலும் இரண்டு கனவுகளிலுமாக அந்த மனிதரின் அச்சங்கள் வெளிவருகின்றன. இதில் உத்தம் குமார் செய்திருப்பது மிகக் கடினமான வேலை. மக்கள் தன்மீது வைத்திருக்கிற மயக்கத்தைக் கொஞ்சமும் குறையாமல் தக்கவைத்துக்கொண்டே, அந்த மயக்கம் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதையும் அவர் காட்டியாக வேண்டும். கறுப்புக் கண்ணாடியை அவர் எப்போது அணிகிறார், எப்போது கழற்றுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு ஒரு முறை முழுப் படத்தையும் பார்த்தேன். அந்த ஒரு பொருளை வைத்தே ஒரு மனிதர் ஒளிந்துகொள்வதையும் வெளிப்படுவதையும் அவர் நடித்துவிடுகிறார். ரூபாய் நோட்டுகளின் புதைமணலில் அமிழும் புகழ்பெற்ற கனவுக் காட்சியைவிட, உணவுப் பெட்டியில் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்ததும் அவருடைய தோள்கள் தாமாக நிமிர்வதுதான் எனக்குப் பெரிய நடிப்பாகத் தெரிகிறது.

இந்தக் கதை உத்தமின் வாழ்க்கையோடு எங்கெங்கே உரசுகிறது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் படம் முழுமையாகத் திறக்கும். வட்டு கைகொடுக்காத இடமும் அதுதான். அருண் குமார் சட்டோபாத்யாய் என்ற இயற்பெயரோடு 1926-இல் கொல்கத்தாவில் பிறந்து, துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பு வாய்ப்புத் தேடியவர் அவர். 1948-இல் வெளிவந்த 'த்ருஷ்டிதான்' தொடங்கி அடுத்தடுத்த படங்கள் தோற்றபோது, 'தோல்விப் படங்களின் தளபதி' என்ற பொருளில் அவரைக் கேலி செய்தார்கள். 1952-இன் 'பசு பரிவார்' அவரைக் காப்பாற்றியது. 1953-இல் 'சாடே சுவாத்தோர்' நடிகை சுசித்ரா சென் அவர்களை உத்தமுக்கு இணையாக்கியது. 1954-இன் 'அக்னி பரீக்ஷா' அந்த இணையை வங்கத்தின் வீட்டுப் பேச்சாக்கியது. படப்பிடிப்பின் முதல் நாளில் மூத்த நடிகர் முகுந்த லாஹிரி எல்லோர் முன்னிலையிலும் அரிந்தமை அவமானப்படுத்தும் காட்சியில், உத்தமின் முகத்தில் தெரியும் சிறுமையை அவர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று ஊகிக்க இந்தத் தகவல்கள் தேவை.

இன்னொரு பொருத்தம் வியப்பானது. அரிந்தம் விருது வாங்க டெல்லிக்குப் போகும் இந்தப் படம் வெளிவந்த நேரத்தில், சிறந்த நடிகருக்கான தேசிய விருது என்று ஒன்று இருக்கவே இல்லை. 1967-ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான் அது முதன்முதலாக வழங்கப்பட்டது. அந்த முதல் விருதைப் பெற்றவர் உத்தம் குமார். 'ஆன்டனி ஃபிரிங்கி', ராய் இயக்கிய 'சிடியாகானா' ஆகிய இரு படங்களுக்காக. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். பின்னர் பெற்று, சுவரொட்டிகள்தோறும் நம் ஊர் அறிந்த அந்த 'பாரத்' விருதுதான் இது. வட்டின் இணைப்புகளில் இதற்கென ஒரு தனிப் பகுதி இருந்திருக்கலாம்.

இணைப்புகள் என்று பார்த்தால், 2008-இல் எடுத்த சர்மிளா தாகூரின் பேட்டி ஒன்றும், திரை ஆய்வாளர் மெஹெலி சென் பேசும் விளக்கப் பகுதி ஒன்றும் இருக்கின்றன. சர்மிளா தாகூர் இயல்பாகப் பேசுகிறார். மெஹெலி சென்னின் பகுதி, வங்க வணிக சினிமாவின் பின்புலத்தில் உத்தமை நிறுத்திப் பார்ப்பதால், மொத்த வட்டில் எனக்கு அதிகம் பயன்பட்டது. சிற்றேட்டில் எழுத்தாளர் பிக்கோ ஐயரின் கட்டுரையும், 1980 ஜூலை 24 அன்று உத்தம் தம்முடைய 53-ஆம் வயதில் காலமானபோது ராய் எழுதிய அஞ்சலியும் இடம்பெற்றிருக்கின்றன. பாத்திரத்தின் உளவியலைப் பற்றி உத்தமுடன் ஆழமாக விவாதித்த நினைவே இல்லை என்றும், ஆனாலும் தாம் சொல்லித்தராத சின்னச் சின்னச் செய்கைகளால் அவர் தம்மை வியக்க வைத்துக்கொண்டே இருந்தார் என்றும் ராய் அதில் ஒப்புக்கொள்கிறார். உத்தமின் நடிப்பில் பாதி ராயின் கைவண்ணம்தான் என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் தயாரிப்பாளர் உத்தம் குமாரைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இந்தப் படத்துக்கு முன்பே அவர், இயக்குநர் அஜய் கரோடு கூட்டுச் சேர்ந்து 'ஹாரானோ சுர்' (1957), 'சப்தபதி' (1961) ஆகிய படங்களைத் தயாரித்திருந்தார். தபன் சின்ஹா இயக்கிய 'ஜதுக்ருஹ' (1964) படமும் அவருடைய தயாரிப்பே. சுபோத் கோஷின் கதையான அது, பிற்காலத்தில் இயக்குநர் குல்சாரின் 'இஜாஸத்' படத்தின் வழியாக இந்தியிலும் அறியப்பட்டது. இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளிப்பது அசித் சென் இயக்கிய 'உத்தர் பால்குனி' (1963). தாயும் மகளுமாகச் சுசித்ரா சென் இரட்டை வேடமேற்ற அந்தப் படத்தில், உச்சியில் இருந்த நாயகன் தம் பணத்தைப் போட்டுவிட்டுத் தாம் நடிக்காமலே ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கதையைத்தான் 1970-இல் சௌகார் ஜானகி தாமே தயாரித்து, தாமே இரட்டை வேடத்தில் நடிக்க, கே.பாலசந்தர் 'காவியத் தலைவி'யாக நமக்குத் தந்தார். எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'அக்னி பரீக்ஷா'வை வைஜெயந்திமாலாவோடு இந்தியில் 'சோட்டி சி முலாகாத்' (1967) என்று எடுத்துப் பெரும் பணத்தை இழந்தார். முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்த ஆண்டும் அதுவே.

படத்துக்குள் அரிந்தம், தொழிலாளர் போராட்டத்தில் வந்து பேசும்படி நண்பன் பீரேஷ் கேட்கும்போது காரைவிட்டு இறங்க மறுக்கிறார். தாழ்ந்துபோய் வாய்ப்புக் கேட்டு வரும் முகுந்த லாஹிரிக்கும் கைகொடுக்கவில்லை. உத்தம் குமாரோ, 1968-இல் நலிந்த கலைஞர்களுக்காக 'சில்பி சன்சத்' அமைப்பைத் தொடங்கினார். நாயக் என்றாலே உத்தம், உத்தம் என்றாலே அரிந்தம் என்ற எளிய சமன்பாட்டை இந்த ஒரு தகவலே கலைத்துவிடும். வட்டில் இதைப் பற்றிய அரை நிமிடப் பதிவாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

39.95 டாலர் விலை, அனுப்புசெலவோடும் சுங்கத்தோடும் சேர்ந்தால் நம் ஊர்க் கணக்கில் மிக அதிகம். ஏ மண்டலப் பிளேயர் இருந்து, ராயின் படங்களைச் சேகரிப்பவராகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பிளேயர் இல்லாதவர்கள், மீட்டெடுத்த இதே படம் 2025 பிப்ரவரியில் இந்தியத் திரையரங்குகளில் மறுபடியும் வந்ததை நினைவில் வைத்து, அடுத்த திரையிடலுக்குக் காத்திருப்பதே மேல். உத்தமை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் எப்படியும் 'சப்தபதி'யையும் 'உத்தர் பால்குனி'யையும் தேடித்தான் ஆக வேண்டும். எனக்குக் கிடைத்த பிரதிகளில் இரண்டுமே கீறலும் இரைச்சலுமாகவே இருந்தன; 'உத்தர் பால்குனி'யில் தயாரிப்பாளர் பெயர் வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது.