வாரா வாரம் தேய்த்துக் கெடுத்த பேரல்

துப்பாக்கியின் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) மாற்றி இரண்டரை வருடம் ஆகிறது, ஏறத்தாழ ஒன்பதாயிரம் தோட்டா சுட்டாயிற்று. இனி இதைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

துப்பாக்கி, ஸ்மித் அண்ட் வெஸனின் எஸ்டபிள்யூ22 விக்டரி. 2016-இல் வந்த, .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் டார்கெட் பிஸ்டல், ஐந்தரை அங்குல பேரல். டெக்ஸாஸில் சனிக்கிழமை காலைகளில் காகிதக் குறியைச் சுடுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறேன். அதில் எந்தக் குறையும் இல்லை. கெடுத்தது நான்.

அப்பா ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைப்பது போல நான் இதை வாரா வாரம் துடைத்தேன். ஆனால் சோம்பேறித்தனமாக. அலன் சாவியால் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் மேல்பாகம் கையோடு வந்துவிடும். போல்ட்டை (தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும், முன்னும் பின்னும் நகரும் உருளையை) உருவிவிட்டுப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யலாம். அந்தத் திருகைக் கழற்றச் சோம்பல்பட்டு, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, மூன்று துண்டாக மரை போட்டு இணைக்கும் மலிவான ஸ்டீல் கம்பியைக் குழலின் வாய் வழியாகவே விட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். துண்டுகள் சேருமிடத்தில் விளிம்பு லேசாகத் துருத்தியிருக்கும். கம்பி வளையும்போதெல்லாம் அது குழல் வாயில் உரசும். எறும்பு ஊரவே கல் தேயும் என்கிறார்கள். இது ஸ்டீல் கம்பி, அதுவும் ஈயத்தூளும் கரியும் ஒட்டிய கம்பி.

குழலின் வாய் விளிம்பைத்தான் கிரவுன் என்கிறார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். அந்த வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தால் பின்னால் வரும் வாயுவும் சமமாக வெளியேறும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அங்கே வாயு முந்திக்கொண்டு, குண்டின் பின்பக்கத்தைச் சற்றே தள்ளிவிடும். கிட்டத்தில் தெரியாது. 25 கெஜத்தில் தெரியும்.

எனக்குத் தெரியவே ஆறு மாதம் பிடித்தது. ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த பத்துத் தோட்டாக்கள் நான்கு அங்குலத்துக்குப் பரவின. முதலில் தோட்டாவைக் குறை சொன்னேன், அப்புறம் ரெட் டாட்டை (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்புக் கருவியை), அப்புறம் என் வயதை. மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டும் அதே கதைதான். கடைசியில் ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) பழகிய பெரியவர் ஒருவர் காது குடையும் பஞ்சுக் குச்சியை வாங்கி, குழல் வாயின் விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்துக் காட்டினார். கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டது. "தம்பி, நீ சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம் போல" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

விக்டரியில் பேரல் தனிப் பாகம், ரிசீவரோடு (பேரலைத் தாங்கும் மேல்பாகத்தோடு) ஒரு திருகு மட்டுமே பிடித்திருக்கிறது. வரிசை எண் அடிச்சட்டத்தில் இருப்பதால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பேரல் வெறும் உதிரிபாகம். தபாலில் வீட்டுக்கே வந்தது. ரூகர் மார்க் என்ற இன்னொரு .22 பிஸ்டல் வகையில் பேரலோடு சேர்ந்த மேல்பாகம்தான் சட்டப்படி துப்பாக்கி, அதை மாற்ற உரிமம் பெற்ற கடை வழியாகப் போக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் கவனிக்க: இந்திய ஆயுதச் சட்டம், 1959, உதிரிபாகத்தையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. இங்கே வாங்கிப் பெட்டியில் போட்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மாற்றும் வேலை இருபது நிமிடம். காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். பழையது லேசில் வரவில்லை, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்ட வேண்டியிருந்தது. புதியது வேறொரு நிறுவனத்தின் பேரல், துப்பாக்கி விலையில் பாதியைத் தின்றுவிட்டது. நான் வாங்கிய மாடலில் முன் குறிமுனை கிடையாது. ரிசீவர் மேல் ரெட் டாட் இருப்பதால் எனக்குக் கவலையில்லை, வெறும் கண்ணால் குறி பார்ப்பவர்கள் வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஜீரோவை, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும் அமைப்பை, புதிதாகப் பிடிக்க வேண்டும்.

முதல் ஐம்பது தோட்டா இங்குமங்கும் போனது. குண்டின் மேலுள்ள மெழுகு குழலுக்குள் படிந்ததும் அடங்கிவிட்டது. இப்போது சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்ற தோட்டாவில் ஒன்றேகால் அங்குலம், நான் ஒழுங்காகச் சுட்டால்.

சுத்தம் செய்வது இப்போது மிகக் குறைவு. முந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) போல்ட்டும் மட்டும். குழலுக்குள் ஆயிரத்துக்கு ஒருமுறை, பின்பக்கமிருந்து, பிளாஸ்டிக் பூசிய ஒற்றைக் கம்பியால். துணி வாயைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறேன், திரும்ப இழுப்பதில்லை. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவல், ஈயம் ஆயிற்றே.

பழைய பேரல் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. பட்டறைக்காரர் நுனியில் இரண்டு நூல் (கால் அங்குலம்) வெட்டிப் புதுக் கிரவுன் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். போட்டு வந்ததும் இரண்டையும் ஒரே நாளில் சுட்டுப் பார்க்க வேண்டும்.