மாறுகண் ஆபரேஷன்: ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா? கருவிழிக்கு எது எப்படி?

கோபியில் இருக்கும் என் தங்கை மகளுக்கு ஆறு வயதில் இடது கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது, அந்தக் கண்ணில் பார்வையும் கொஞ்சம் மந்தம். டாக்டர் இரண்டு வழி சொன்னார். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத் தசையைக் கழற்றிச் சில மில்லிமீட்டர் பின்னால் தைப்பது ஒன்று. இடது கண்ணில் மட்டும் அப்படிச் செய்துவிட்டு, அதே கண்ணின் காதுப் பக்கத் தசையில் ஒரு துண்டை வெட்டிச் சுருக்கித் தைப்பது இன்னொன்று. "ஒரு கண்ணுல தானுங்க கோளாறு, நல்ல கண்ணை எதுக்குங்க தொடோணும்?" என்று அமுச்சி (பிள்ளையின் அம்மாவழிப் பாட்டி) கேட்டார். சரியான கேள்வி.

மூக்குப் பக்கத் தசை கருவிழி விளிம்பிலிருந்து வெறும் 5.5 மி.மீ. தள்ளி ஒட்டியிருக்கிறது, காதுப் பக்கத் தசை கிட்டத்தட்ட 7 மி.மீ. கயிற்றுக் கட்டிலில் ஒரு ஓரத்தைத் தளர்த்தினால் நடுவிலும் தெரியும் இல்லையா, அதுபோல இழுவிசை மாறும்போது கருவிழி படுக்கைவாட்டில் லேசாகத் தட்டையாகி, சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாததைச் சரிக்கட்டும் கண்ணாடி பவர்) 180 டிகிரி அச்சை, அதாவது படுக்கைக் கோட்டை, ஒட்டிக் கொஞ்சம் ஏறும். பலருக்கு அரை டயாப்டரை (கண்ணாடி பவரின் அளவு) ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் இறங்கிவிடும்.

முதல் வழியில் இந்த மாற்றம் இரண்டு கண்ணுக்கும் பங்காகப் போகும். இரண்டாவதில் மொத்தமும் ஒரே கண்ணில், அதுவும் ஏற்கெனவே மந்தமான கண்ணில். கருவிழியை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் மேல். ஆனாலும் நான் அமுச்சி பக்கம்தான்: சில வாரத்தில் பெரும்பாலும் சரியாகிற சிலிண்டருக்காக, நன்றாகப் பார்க்கிற ஒரே கண்ணில் கத்தி வைக்க மனம் வரவில்லை. பார்வை இரண்டிலும் சமமாக இருக்கிற குழந்தை என்றால் முதல் வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

நாங்கள் தப்பு செய்தது அப்புறம்தான். ஆபரேஷன் முடிந்து இரண்டே வாரத்தில், வீக்கம்கூட வடியாத நிலையில், ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவெடுத்து 0.75 சிலிண்டரோடு புதுக் கண்ணாடி போட்டுவிட்டோம். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது அது 0.25. பிள்ளை அத்தனை நாளும் தலைவலி என்று சொன்னதை நாங்கள் பள்ளிக்கூடம் போக அடம் என்று நினைத்துக் கொண்டிருந்தோம்.

டாக்டரே மாற்றச் சொன்னால் தவிர, மூன்றாம் மாத அளவெடுக்கும்வரை பழைய கண்ணாடியே இருக்கட்டும். பழைய கண்ணாடி அளவுச் சீட்டைப் பத்திரமாக வைத்து, மூன்றாம் மாத அளவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிலிண்டரோடு அச்சையும் சேர்த்து.