காரைத் தாழ்த்த எந்தக் காயிலோவர்? டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட், பி.சி. ரேசிங் பி.ஆர்., கே.டபிள்யூ. வி1

காயிலோவர் என்பது வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட். அதை வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கிளிக்?" என்றுதான், அதாவது டேம்பிங்கை (ஷாக் குதிப்பை அடக்கும் இறுக்கத்தை) எத்தனை படிகளில் மாற்றலாம் என்று. தைவானின் பி.சி. ரேசிங் பி.ஆர். 30 கிளிக், ஜப்பானின் டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் 16, ஜெர்மனியின் கே.டபிள்யூ. வி1-ல் ஒன்றுமே கிடையாது. இந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் பணம் வீண். வண்டியைத் தாழ்த்திய பிறகு ஷாக்குக்குள் எவ்வளவு ஓட்டம் (தண்டு உள்ளே வெளியே நகரும் தூரம்) மிச்சமிருக்கும் என்று கேளுங்கள்.

அது உயரத்தை எந்த வழியில் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வி1-ல் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத்தான் இறக்குகிறோம். 30 மி.மீ. இறக்கினால் ஷாக் தண்டு ஏறத்தாழ 30 மி.மீ. உள்ளே போய்விடும், ஷாக் அடிவரை போய் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் அவ்வளவு கிட்டே வந்துவிடும். அதற்காகவே கே.டபிள்யூ. குட்டையான ஷாக் செய்து, இவ்வளவுதான் இறக்கலாம் என்று மாடலுக்கு மாடல் வரம்பும் தருகிறது. வரம்பை மீறாதவரை பிரச்சினை இல்லை. ஃப்ளெக்ஸ் இசட்டிலும் பி.ஆரிலும் முன் ஸ்ட்ரட்டின் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் தூண்) அடி பிராக்கெட்டே மரையில் ஏறி இறங்கும், ஷாக்கின் ஓட்டம் குறையாது. ஆனால் அந்த ஓட்டம் முழுவதும் இப்போது ஃபெண்டருக்குள் நடக்கும். பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே டயர் ஃபெண்டரின் உள்ளுறையான லைனரைச் சீவும். அகலமான டயர் போட்டவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது பரவலான தப்பெண்ணம். சீரான சுருள் ஸ்பிரிங்கில் வண்டி உயரும், அவ்வளவுதான்.

ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வாகன் வென்டோ மாதிரி டார்ஷன் பீம் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் முறுகும் தண்டு) வண்டிகளில் பின்பக்கக் கதை வேறு. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. ஸ்பிரிங்கை மட்டும் இறக்கிவிட்டு ஷாக் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டால், ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையிலிருந்து நழுவும். சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடக்கூடாது.

தினமும் குடும்பத்தோடு ஓட்டும் செடானுக்கு எங்கள் தேர்வு ஃப்ளெக்ஸ் இசட். இரட்டைக் குழாய் ஷாக் என்பதால் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை மென்மையாகத் தாங்கும். குறை என்னவென்றால் சீல் செய்யப்பட்டது, பிரித்துப் பழுது பார்க்க முடியாது. எண்ணெய் கசிந்தால் அந்த ஒரு ஷாக்கையே மாற்ற வேண்டும். பி.ஆர். மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்), பிரித்து ரீபில்ட் செய்யலாம். ஆனால் அதோடு வரும் ஸ்பிரிங் பல மாடல்களில் கடினமானது. கிலோ கணக்கைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: 1 கிலோ என்றால் ஒரு மி.மீ. அமுங்க 1 கிலோ எடை, அதாவது 9.8 நியூட்டன். பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரும் வண்டியில் 8 கிலோ ஸ்பிரிங் போட்டுவிட்டு டேம்பிங்கை முழு சாஃப்டில் வைத்தால் சொகுசு வராது, குதிப்புதான் வரும். வி1-ன் ஸ்ட்ரட் துருப்பிடிக்காத எஃகு. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எவ்வளவு தாழ்த்தலாம்? 25 முதல் 30 மி.மீ. வரை. சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ., வீல்பேஸ் 2,600 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதன் நடுவில் வண்டி நிற்கும்போது நான்கு சக்கரமும் தடைமேலேயே இருப்பதால் வண்டியின் நடுவயிறு இழப்பது சுமார் 50 மி.மீ. மட்டுமே. அப்படி ஒரு தடை நம் தெருவில் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்! ஒரு முழம் அகலத்தில் எழுப்பிய மேடு தன் முழு உயரத்தையும் வயிற்றில் இடிக்கும். ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும். அதனால் பின்னால் 10 மி.மீ. குறைவாகவே இறக்குங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்தான் பாதிப் புகார்களுக்குக் காரணம். கழற்றுவதற்கு முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். ஏ.பி.எஸ். வயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரட் சாயும்போது இழுபடும். மேலுள்ள நடு நட்டை இம்பேக்ட் கன்னால் இறுக்க விடாதீர்கள். தண்டு சுழன்று உள்ளே சீல் கெடும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குவதே முறை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கினால், வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும்.

200, 300 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி அளந்து, உயரத்தைச் சமன் செய்து, லாக் வளையங்களை இறுக்கி, அதன் பிறகு வீல் அலைன்மென்ட். ஆனால் அதுவரை டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கோணலாக விட்டு ஓட்டாதீர்கள். மாட்டிய அன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) அல்ல, டோ. முகப்பு விளக்கின் குறியும் மாறியிருக்கும்.

ஸ்டியரிங் திருப்பும்போது "டங்" என்றால் ஸ்பிரிங் முறுக்கி விடுபடுகிறது என்று பொருள். மேல் மவுன்ட்டின் பேரிங்கைப் பாருங்கள். குழியில் "கடக் கடக்" என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் கம்பி) அல்லது பில்லோ பால் மவுன்ட் (உலோகப் பந்து மூட்டு உள்ள மேல் மவுன்ட்). இந்த மவுன்ட்டில் ரப்பர் இல்லை, தூசியும் மழைநீரும் நேரே உள்ளே போகும். சத்தம் பிடிக்காதவர்கள் ரப்பர் மவுன்ட் உள்ள செட்டையே கேளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய ஷாக், ஸ்பிரிங், மேல் மவுன்ட் மூன்றையும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் அவை தேவைப்படும்.